ராஜசிம்மன்: ஒரு பேரும் ஒரு திருநின்றவூர்க் கதையும்

பட்டாபிராமிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பையனுக்கு ராஜசிம்மன்னு பேர் வைக்கப்போறோம். சிங்கராஜான்னுதானே அர்த்தம்?" கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா வரிசை தலைகீழ். சிம்மராஜன் என்றால் சிங்கங்களுக்கு ராஜா. ராஜசிம்மன் என்றால் ராஜாக்களுக்குள் சிங்கம். சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லின் பின்னால் 'சிம்ம' வந்தால், அந்தக் கூட்டத்திலேயே சிறந்தவன் என்று பொருள்.

இது காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னர் இரண்டாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 'வர்மன்' என்பதில் உள்ள 'வர்ம' என்றால் கவசம். நரசிம்மரையே கவசமாகக் கொண்டவன் என்று அந்தப் பெயரைப் பிரிக்கலாம். கடல் கடந்து கம்போடியாவின் சூரியவர்மன், ஜெயவர்மன் பெயர்களிலும் இதே கவசம்தான். நம்ம ஊர் நடுகற்களில் இந்த 'வர்மன்' தமிழ் நாக்குக்கு ஏத்த மாதிரி 'பருமன்' என்று ஆகியிருக்கும்.

ராஜசிம்மன் கட்டியதுதான் காஞ்சி கைலாசநாதர் கோயில். அதற்கு அவர் வைத்த பேரே ராஜசிம்மேச்வரம். சுற்றியுள்ள சிறு சன்னதிகளில் அவருடைய பட்டப்பெயர்களை 200க்கும் மேல் செதுக்கி வைத்திருக்கிறார். ரணஜயன், போரில் வென்றவன். ஆகமப்பிரியன், ஆகமங்களை விரும்புகிறவன். அத்யந்தகாமன், எல்லையில்லாத ஆசை உள்ளவன். தன் பேர் அழியக்கூடாதுன்னு ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஆவடி தாண்டி ரயிலில் போனால் திருநின்றவூர். அங்கே பூசலார் என்ற சிவபக்தர் இருந்தார். கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைத்தான் காஞ்சியில் மன்னரும் குறித்திருந்தார். சிவன் மன்னர் கனவில் வந்து, "அன்னைக்கு நான் நின்றவூர் போகணும், நீ வேற நாள் பாரு" என்றாராம். மன்னர் ஓடிவந்து தேடினால், ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. விஷயம் தெரிந்ததும் பூசலாரைக் கும்பிட்டுத் திரும்பினார்.

பெரிய புராணத்தில் இதை விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். அவரும் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான். கைலாசநாதர் கோயில் கல்வெட்டிலும், கலியுகத்திலேயே அசரீரி கேட்டவர் இந்த மன்னர் என்று ஒரு செய்தி இருக்கிறது. அதனால்தான் கதையில் வரும் மன்னர் ராஜசிம்மன்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

ஏன் ஊகிக்க வேண்டியிருக்கு? சேக்கிழார் அந்த மன்னர் பேரைச் சொல்லவே இல்லை. காடவர் கோமான், அதாவது பல்லவ அரசர், அவ்வளவுதான். 200 பேரைக் கல்லில் வெட்டியவருக்குக் கதையில் ஒரு பேர்கூட இல்லை. ஒரு செங்கல்கூட வைக்காத பூசலாருக்குப் பேரும் இருக்கு, திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்று நிஜமாகவே ஒரு கோயிலும் இருக்கு.

அதனால் நேயருக்கு என் பதில்: பேர் ரொம்ப நல்ல பேர், தாராளமா வைங்க. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் திருநின்றவூருக்கு ஒருமுறை கூட்டிட்டுப் போய், பூசலார் கதையையும் சேர்த்துச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.