பாவோ கிரிஸ்டாடஸ்

தில்லி மோதி பாக்கின் அரசுக் குடியிருப்புக்குப் புதிதாக வரும் தமிழர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதில்பக்கம் கைநீட்டி ‘மோர், மோர்’ என்று கூவினால் சொம்பைத் தேட வேண்டியதில்லை. இந்தியில் மோர் என்றால் மயில். சாணக்யபுரி, நேரு பூங்கா என்று அந்தப் பக்கமெல்லாம் மயில் உண்டு. 1963 முதல் நம் தேசியப் பறவையும் அதுதான்.

அறிவியலில் அதன் பெயர் பாவோ கிரிஸ்டாடஸ். 1758-இல் லின்னேயஸ் வைத்தது. ‘கிரிஸ்டாடஸ்’ என்றால் கொண்டையுள்ளது. அவ்வளவு பெரிய தோகையை விட்டுவிட்டு மனிதர் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்! பர்மா, ஜாவாப் பக்கத்துப் பச்சை மயிலுக்கும் கொண்டை இருக்கிறது. ஆகவே அடையாளமாகவும் இது அத்தனை உதவாது.

‘பாவோ’ ரோமானியர் சொல். பறவையின் குரலிலிருந்தே பெயர் வந்தது என்றார் கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வார்ரோ. மயிலின் அகவலைக் கேட்டவர்கள் சட்டென்று மறுக்க மாட்டார்கள். ஆனால் மயில் ரோமுக்கு வந்தேறி. பெயரும் கிழக்கிலிருந்தே கூட வந்திருக்கலாம் என்பது இன்றைய மொழியியலார் பலரின் எண்ணம். கிரேக்கத்தில் அது ‘தாவோஸ்’, பாரசீகத்தில் ‘தாவூஸ்’. 1739-இல் நாதிர் ஷா தில்லியிலிருந்து அள்ளிக்கொண்டு போன மயிலாசனம் ‘தக்த்-இ-தாவூஸ்’. எபிரேய வேதாகமத்தில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கி’ நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் எழுதினார். ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

லத்தீனுக்குள்ளும் சொல் ஒரே வடிவில் நிற்கவில்லை. பழங்கவி என்னியுஸ் ‘பாவுஸ்’ என்ற வடிவத்தைக் கையாண்டார். நம் ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்து’ ஆவதுபோல, ‘பாவோ’ வேற்றுமையில் ‘பாவோன்’ ஆகும். மயிலின் என்பதற்கு ‘பாவோனிஸ்’. இத்தாலியரின் ‘பாவோனே’யில் ஒட்டியிருப்பது அந்த ‘ன்’தான். ஆங்கிலப் ‘பீகாக்’கின் முதல் பாதியும் பாவோவின் மிச்சமே.

இலக்கணம் அறிவியல் பெயரையும் விடுவதில்லை. பாவோ ஆண்பால், அதனால் கிரிஸ்டாடஸ். பெட்டை மயிலுக்கும் இதே பெயர்தான். கொண்டை வானம்பாடியின் பேரினப் பெயர் கலெரிடா பெண்பால் என்பதால், அங்கே அதே அடைமொழி ‘கிரிஸ்டாடா’ என்று மாறிவிடும். ஓர் இனத்தை வேறு பாலுள்ள பேரினத்துக்கு மாற்றும்போது இத்தகைய அடைமொழியின் விகுதியையும் திருத்தியாக வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி.

ஸ்பானியர் கதை வேறு. அமெரிக்காவிலிருந்து வான்கோழி வந்து இறங்கியதும் ‘பாவோ’ என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். மயிலைச் சொல்ல வேண்டுமானால் அங்கே இன்று ‘பாவோ ரெயால்’, அதாவது அரச பாவோ, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.