பழைய ரம்பம் வாங்கலாமா?

வேலந்தாவளம் தொடங்கிக் குமுளி வரையில் எல்லையோரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், தோட்ட வேலையையும் மர வேலையையும் நம்பிப் பிழைப்போர் பலர். தோப்பில் பட்டுப்போன தென்னையை அறுப்பதற்கும், ஏலத்தோட்டத்து நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பதற்கும் இன்று பெட்ரோல் சங்கிலி ரம்பத்தோடு வருபவருக்கே வேலை முதலில் கிடைக்கிறது. புதியது வாங்கப் பணம் இல்லாதவரின் கண், கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளின் மேல் விழுவது இயல்பே. அங்கே தூசு படிந்து கிடக்கும் யந்திரத்திற்கு விலை பேசுமுன் அறிய வேண்டியவற்றை இங்கு எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அன்று. முன்கைப்பிடிக்கு எதிரே சங்கிலித் தடை இருக்கிறதா என்று பாருங்கள். ரம்ப நாக்கின் நுனியின் மேற்பகுதி ஒரு கிளையில் பட்டால், யந்திரம் அறுப்பவரின் முகத்தை நோக்கிக் கண் இமைக்குமுன் எகிறும். அவ்வேளையில் சங்கிலியை நிறுத்துவது இத்தடையே. இது 1970களில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்திய யந்திரங்களில் பெரும்பாலும் இராது. பிந்தியவற்றிலும் உடைந்து கழன்று போயிருக்கலாம். தடையற்ற ரம்பம் எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வேலைக்கு வேண்டாம் என்பதே எம் கருத்து. ஒரு கை போனால் குடும்பத்தின் கூலியும் போயிற்று.

அடுத்து எஞ்சின். ஸ்டார்ட்டர்க் கயிற்றின் கைப்பிடியைப் பற்றி யந்திரத்தைச் சற்றே தொங்க விடுங்கள். தடைப்பட்டுத் தடைப்பட்டு மெல்ல இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. தடையின்றி இறங்கினால் இல்லை. சைலன்சரைக் கழற்றினால் துளை வழியே பிஸ்டன் தெரியும். அதில் நெடுக்குக் கீறல்கள் இருப்பின் செலவு பெரிது. விட்டு விடுதல் நலம்.

பிஸ்டன் வழவழப்பாய் இருந்தும் யந்திரம் ஓடவில்லையெனில் பெரும்பாலும் குற்றம் பெட்ரோல் வரும் வழியில்தான். 1929இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் செய்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. இருவர் பிடிக்க வேண்டும். அக்காலத்து மிதவைக் கார்புரேட்டர்களைச் சாய்த்தால் ஓட்டம் கெடும். பின்னர் மெல்லிய சவ்வினால் இயங்கும் கார்புரேட்டர் வந்தபின்தான், ஒருவரே எப்பக்கம் சாய்த்தும் அறுக்க முடிந்தது. அந்தச் சவ்வே பழைய யந்திரத்தில் காய்ந்து விறைத்துப் போகிறது. அதையும், டாங்கியினுள் உள்ள ரப்பர்க் குழாயையும் வடிகட்டியையும் மாற்றி, பிளக்கின் இடைவெளியை 0.5 மில்லிமீட்டராக வைத்தால் பல யந்திரங்கள் உயிர் பெறும். இவை பெருஞ்செலவு அல்ல. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், நாட்கணக்கில் வேலையில்லாத போது டாங்கியைக் காலியாக்கி வைப்பது நன்று.

இனிச் சுருதி சேர்ப்பது. சரிசெய்யத்தக்க திருகுகள் உள்ள யந்திரமாயின், எல், எச் என்னும் இரண்டையும் மெல்ல முட்டும்வரை மூடி, ஒவ்வொரு சுற்றுத் திறந்து தொடங்குவது பொது வழக்கம். எஞ்சின் சூடேறியபின், விசையை அழுத்தியதும் திணறாமல் வேகம் பிடிக்கும்படி எல் திருகையும், விசையை விட்டதும் சங்கிலி அசையாமல் நிற்கும்படி ஓய்வோட்டத் திருகையும் வைக்க வேண்டும். எச் திருகில்தான் பலர் ஏமாறுகின்றனர். மூடமூட ஒலி கூர்மையாகி, யந்திரம் வலுப்பெற்றதுபோல் தோன்றும். உண்மையில் பெட்ரோல் குறைகிறது. அதனோடு கலந்துள்ள எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் கரிந்து கீறுகிறது. மரத்தில் படாமல் முழு வேகத்தில் ஓடும்போது சற்றே கரகரப்பும், மரத்தில் இறங்கியதும் தெளிவும் இருப்பதே சரியான நிலை. எவ்வளவு திருகியும் வேகம் தானே ஏறி இறங்கினால், எங்கோ காற்றுக் கசிகிறது. அதற்கு எண்ணெய்ச் சீல்களைப் பார்க்க வேண்டும். கலவை, 1 லிட்டர் பெட்ரோலுக்கு நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் 20 மில்லி. பழைய யந்திரத்தில் 25க்கு 1 எனக் குறித்திருந்தால் 40 மில்லி.

சங்கிலியைப் பற்றியும் ஒரு சொல். புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் அகத்தே உடையதை மரம் என்றும் வகுத்தார் தொல்காப்பியர். நம் எல்லைப்புறத்துத் தென்னையும் பனையும் அக்கணக்கில் புல்லே! ஆயினும் அந்தப் புறவைரம் முதல் அறுப்பிலேயே சங்கிலியின் பல்லை மழுக்கி விடும். சீவலாக விழவேண்டியது மாவாக விழுந்தால், அழுத்தி அறுக்க முயலாது நிறுத்தி, வட்ட அரத்தால் ஏறத்தாழ 30 பாகை சாய்வில், எல்லாப் பல்லையும் ஒரே அளவாகத் தீட்டுக. ஒரு பக்கம் கூடினால் அறுப்பு வளையும்.

ஓட்டத் தொடங்கியதும், மரத்தைத் தொடுமுன், தடையைத் தள்ளிச் சங்கிலி சட்டென நிற்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொள்க. இடுக்கி மலைப்பகுதியில் வேலைக்குச் செல்வோர், மரம் வெட்டும் அனுமதி பற்றி வனத்துறை அலுவலகத்தில் முன்னரே விசாரித்தறிதல் அவசியம்.