பாலூட்டும் தாய்க்கு யார் துணை?

"பால் போதவில்லை" என்னும் சொல்லை எங்கள் பிரசவப் பிரிவில் நாள்தோறும் கேட்கிறோம். இதை முதலில் சொல்பவர் பெரும்பாலும் குழந்தையைப் பெற்ற தாயாக இருப்பதில்லை. கட்டிலருகே நிற்கும் மாமியாரோ, பெரியம்மாவோ, பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மையாரோ குழந்தை அழுவதைக் கண்டு சொல்லிவிடுகிறார். இரண்டு மூன்று முறை அச்சொல் காதில் விழுந்தபின் தாயும் அதையே சொல்லத் தொடங்குகிறார். மாலைக்குள் கடைத்தெருவிலிருந்து டப்பாப் பாலும் புட்டியும் வந்து சேர்கின்றன. சொன்னவர் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. குழந்தை பசியால் வாடிவிடக் கூடாது என்னும் பரிவே காரணம். ஆகவே இக்கட்டுரையைத் தாய்மார்களுக்காக மட்டுமன்றி, அவர்களைச் சுற்றியிருக்கும் உறவினர்களுக்காகவும் எழுதுகிறோம். தாய்ப்பாலின் சிறப்பை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. அதைத் தொடர்ந்து கொடுப்பதற்குத் தாய்க்கு வேண்டிய துணையைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படுவதில்லை.

பிறந்த முதல் நாளில் குழந்தையின் இரைப்பை ஒரு கோலிக்குண்டு அளவே இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 முதல் 7 மில்லி லிட்டர் பால் அதற்குப் போதுமானது. அந்நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலும் ஏறத்தாழ அவ்வளவே சுரக்கிறது. நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில் மிகுந்துள்ளன. தாரைப் போன்று கறுத்திருக்கும் முதல் மலம் எளிதில் வெளியேறவும் அது உதவுகிறது. பால் வெள்ளையாகப் பெருகி வருவதற்கு இரண்டு முதல் நான்கு நாள்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால் என்று எல்லாம் உள்ளே நுழைகின்றன. வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாது; சப்பாத மார்பில் பால் பெருகத் தாமதமாகும்; பிறகு "போதவில்லை" என்ற சொல் உண்மையாகிவிடும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் அதனை நாங்கள் கண்டிப்பாகத் தடுக்கிறோம். தாத்தாவின் குணம் பேரனுக்கு வரவேண்டும் என்று விரும்பினால், குழந்தையை அவர் மடியில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளட்டும். சேனைக்கு அது நல்ல மாற்று.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நிலை சிந்திக்க வைக்கிறது. நம் மாநிலத்தில் 100 பிரசவங்களில் 99-க்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர். மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இதில் மருத்துவமனைகளுக்கும் பொறுப்புண்டு. அதே கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சையால் நிகழ்கின்றன. "ஆபரேஷன் செய்த உடம்பு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவினர்கள் குழந்தையைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். முதுகில் ஊசி போட்டு அறுவை செய்துகொண்ட தாய் விழித்தே இருக்கிறார். சற்று நேரத்தில் பாலூட்டவும் இயலும். வயிற்றுத் தையல் வலிக்குமாதலால் குழந்தையைத் தூக்கவோ திருப்பவோ அவரால் இயலாது. உடன் இருப்பவர் குழந்தையைத் தாயின் பக்கவாட்டில் கிடத்தி, ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து, பால் குடித்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தால் போதும். வந்தவர்களுக்குக் காபி வாங்கச் செல்வது பிறகு ஆகட்டும்.

பால் எவ்வாறு சுரக்கிறது என்பதை அறிந்தால் துணையின் தேவை விளங்கும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து இரண்டு இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது; இரவில் அது மிகுதியாகச் சுரக்கும். ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. கருப்பையைச் சுருக்கி உதிரப்போக்கையும் குறைக்கிறது. வலி, அச்சம், கவலை, கடுஞ்சொல் ஆகியவை இந்த ஆக்சிடோசினைத் தற்காலிகமாகத் தடுக்கின்றன. மார்பில் பால் இருந்தும் வெளிவராமல் நிற்பது இதனால்தான். ஒரு தாயிடம் "உனக்குப் பாலே இல்லை" என்று சொல்லும்போது சொல்பவர் நிலைமையை விவரிப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அச்சொல்லே நிலைமையை உண்டாக்கக்கூடும். தாய் தூங்கட்டும் என்று இரவு முழுதும் குழந்தையைப் பாட்டியிடம் படுக்க வைப்பதும் இவ்வாறே எதிர்விளைவைத் தரும். குழந்தையை எடுத்து வந்து தாயிடம் தருவதும், குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்வதும், ஈரத்துணி மாற்றுவதும் பாட்டியின் பணியாகட்டும். தாய் உடனே மீண்டும் உறங்கிவிடலாம்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்க இயலாது. குழந்தை உறக்கம் வேண்டியும், அணைப்பு வேண்டியும், வயிற்றுப் பொருமலாலும் அழும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பிறந்த எடையில் ஒரு பகுதி முதல் நாள்களில் குறைவது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் அந்த எடை திரும்பிவிட வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை கேட்பதும் இயல்பே. நம் புதுக்கோட்டைச் சீமையின் சித்திரை, வைகாசி வெயிலில்கூட ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றில் 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி கேட்கும், அவ்வளவே. மருத்துவர் எழுதித்தரும் சொட்டு மருந்துகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மாறாகத் தாய்க்கு நிறையத் தண்ணீர் தேவை. "பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று தாகத்தோடு வைத்திருப்பதை எங்களால் ஏற்க இயலவில்லை. பத்தியச் சமையலில் பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் தாராளமாக இருக்கட்டும். அவை நல்ல உணவுகள். ஆனால் கீரை, பழம், பருப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் தாய்க்கு மிஞ்சுவது ரசமும் சோறும்தான்.

பாலூட்டும்போது வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது பெரும்பாலும் குழந்தை சரியாகக் கவ்வவில்லை என்பதன் அறிகுறி. காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் கொள்ளுமாறு, வாய் அகலத் திறந்தபின் குழந்தையை மார்பருகே கொண்டுவர வேண்டும். முகவாய் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கன்னம் குழி விழாது. இதை எழுத்தில் படிப்பதைவிடச் செவிலியர் அருகிலிருந்து ஒருமுறை காட்டினால் எளிதில் விளங்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் அழையுங்கள். பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால், அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாமல் அன்றே வந்து காட்டுங்கள்.

வீடு திரும்பிய பின்னரே துணை உண்மையில் தளர்கிறது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டார் வந்து தாயையும் சேயையும் அழைத்துச் செல்கிறார்கள். அதுவரை அடுப்படிக்குச் செல்லாதிருந்த பெண் மறுநாளே ஒரு குடும்பத்தின் சமையல், துணி, தண்ணீர் அனைத்தையும் ஏற்கிறார். பாலூட்ட உட்கார்ந்தால் வேலை தங்கிவிடுகிறது. வேலை பார்த்தால் குழந்தை அழுகிறது. டப்பாப் பால் இரண்டாம் முறை வாசலில் வந்து நிற்கும் நேரம் இது. டப்பா விரைவில் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டிக் கரைக்கும் வழக்கமும் உண்டு. குழந்தையின் எடை நின்றுவிடும். சரிவரக் கழுவாத புட்டியால் வயிற்றுப்போக்கும் வரும். உலகின் பல வறிய நாடுகளில் இதே நிலை நேர்ந்ததால்தான் 1970-களில் பெரும் கண்டனம் எழுந்து, 1981-இல் உலக சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-இல் தனிச் சட்டமே இயற்றி, 2003-இல் அதனைக் கடுமையாக்கியது. அச்சட்டத்தின்படி குழந்தைப் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி தரக்கூடாது. மருந்துக்கடையிலோ வேறெங்கோ யாரேனும் இலவச டப்பா நீட்டினால் வாங்காதீர்கள்.

அழைத்துச் செல்லும் நாளில் சீர்வரிசையைப் பற்றிப் பேசுவதோடு, அந்த வீட்டில் பாலூட்டும் நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பார் என்பதையும் இரு வீட்டாரும் பேசிக்கொள்ளலாம். குழந்தையின் தந்தைக்கும் இதில் வேலை உண்டு. பால் கொடுப்பது ஒன்று நீங்கலாக மற்றெல்லாம் அவரும் செய்யக்கூடியதே. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்து வெப்பம் தரும் கங்காரு முறையைக்கூடத் தந்தையர் செய்யலாம்.

கூலி வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை இன்னும் கடினம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவியின் நோக்கங்களுள் ஒன்று, பிரசவத்தையொட்டி இழக்கும் கூலியை ஈடுசெய்வது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள அவ்வுதவி தவணைகளாக வருகிறது. அந்தப் பணம் கடனுக்கோ காதுகுத்துக்கோ போகாமல் தாயின் ஓய்வுக்கும் உணவுக்கும் செலவாக வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். விவரங்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பணிபுரிவோருக்குச் சட்டப்படி முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகளும் உண்டு. 2015 ஆகஸ்டு முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடந்தால் நிலையப் பொறுப்பாளரிடம் சாவி கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலைக்குச் செல்லும் முன் கையால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். வீட்டின் குளிர்ந்த மூலையில் நான்கு மணி நேரத்துக்குள்ளும், குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு நாளைக்குள்ளும் பயன்படுத்திவிட வேண்டும். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். புகட்டுவதற்கு நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையே சிறந்தது. கழுவ எளிது, குழந்தை மார்பை மறக்காது. இன்று நாட்டின் பல பச்சிளம் குழந்தைப் பிரிவுகளிலும் பாலாடையால்தான் பால் புகட்டுகிறார்கள்.

எவ்வளவு முயன்றும் சில தாய்மார்களுக்குப் பால் போதாமற் போவதுண்டு. சிலர் உட்கொள்ளும் மருந்துகளால் கொடுக்க இயலாமலும் போகலாம். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அந்நிலையில் என்ன கொடுப்பது, எப்படிக் கரைப்பது என்பதை மருத்துவர் சொல்வார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தானமாகப் பெற்ற தாய்ப்பாலும் உதவுகிறது. 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. தமிழகத்தின் பல அரசு மருத்துவமனைகளிலும் இப்போது வங்கிகள் உள்ளன. அங்கே கொடையாளரைப் பரிசோதித்து, பாலை 62.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்த பிறகே வழங்குவர்.

குழந்தை பால் குடிக்க எழாமல் சோர்ந்து உறங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலோ, தாய்க்குக் காய்ச்சல் வந்தாலோ, காரணமின்றி அழுதுகொண்டும் குழந்தையை ஏறெடுத்துப் பாராமலும் இருந்தாலோ இரவானாலும் வந்துவிடுங்கள். இவை ஏதுமில்லாவிடினும், வீடு திரும்பிய முதல் வாரத்தில் எடை பார்க்க ஒருமுறை வாருங்கள். வரும்போது, உங்கள் வீட்டில் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று முடிவு சொல்பவர் எவரோ அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.