பண்ணை வீட்டில் பத்து வருஷம்

கணவர் காரியமாக வெளியூர் சென்றிருக்கும் நாட்களில் வீடு எப்படி இருக்கும் என்பதை நம் சகோதரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சமையலில் அவசரமில்லை, கூடத்தில் பேச்சுக் குரல் இல்லை, பிற்பகலில் கடிகாரத்தின் ஓசைகூடத் தனித்துக் கேட்கும். நாலு நாளைக்கு அந்த அமைதி இனிமைதான். நாலு வருஷமானால்? அதுவும், கூப்பிடு தூரத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தால்? அமெரிக்கர் சுதந்திரத்துக்காகப் போராடிய காலத்தில் இவ்விதம் ஒரு பண்ணை வீட்டில் தனித்திருந்த அபிகெயில் ஆடம்ஸ் அம்மையாரைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டன் நகருக்குத் தெற்கே சுமார் 10 மைல் தூரத்தில் பிரெயின்ட்ரீ என்னும் கிராமம் இருந்தது. அங்கே பென் குன்றின் அடிவாரத்தில், பின்புறம் கூரை தாழச் சரிந்த ஒரு மர வீடு. வக்கீல் ஜான் ஆடம்ஸும் அவரை 1764-ல் மணந்த அபிகெயிலும் அதில் குடித்தனம் செய்தார்கள். அம்மையார் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தவரல்லர். பாதிரியாரான தகப்பனாரின் வீட்டுப் புத்தகங்களே அவருக்குக் கலாசாலை.

1774 ஆகஸ்டில், ஃபிலடெல்ஃபியாவில் கூடவிருந்த காங்கிரஸ் மகாசபைக்குப் பிரதிநிதியாக ஜான் புறப்பட்டார். வீட்டில் நான்கு குழந்தைகள். மூத்த பெண்ணுக்கு 9 வயது. கடைக்குட்டிக்கு இன்னும் 2 வயது நிறையவில்லை. அன்று தொடங்கிய பிரிவு, இடையிடையே சில மாதங்கள் நீங்கலாக, 1784 வரையில் நீடித்தது.

1775 ஜூன் 17-ந் தேதி அதிகாலையிலேயே பீரங்கி முழக்கம் கேட்டது. அம்மையார் தம் 7 வயது மகன் ஜான் குவின்ஸியை அழைத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினார். தொலைவில் சார்ல்ஸ்டவுன் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அன்று பங்கர் ஹில் யுத்தத்தில் மாண்டவர்களுள் குடும்ப வைத்தியரான ஜோஸப் வாரனும் ஒருவர். அச்சிறுவனின் முறிந்த விரலை வெட்டி எறியாமல் காப்பாற்றிக் கொடுத்தவர் அவரே. அவ்வருஷம் இலையுதிர் காலத்தில் ஊரெங்கும் சீதபேதி பரவியது. அம்மையாரும், கடைசி மகனும், வேலையாட்களும் படுத்தார்கள். வேலைக்காரப் பெண் ஒருத்தி இறந்தாள். அக்டோபர் முதல் தேதி, அம்மையாரைப் பெற்ற தாயாரும் இறந்தார். 1777 ஜூலையில் ஒரு பெண் சிசு உயிரின்றிப் பிறந்தது. அப்போதும் கணவர் அருகில் இல்லை. துக்கத்தைச் சொல்லி அழக் காகிதமும் பேனாவும்தான் துணை.

இதனிடையே நிலம் காத்திருக்குமா? உழவும், வைக்கோலும், மாடு கன்றும், வரியும் அம்மையார் தலையில் விழுந்தன. ஆண்கள் பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போய்விட, கூலியாள் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தவர்களோ கூலியை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆயினும் பண்ணை ஒழுங்காகவே நடந்தது. தாம் இல்லாதபோதுதான் காரியங்கள் சீராக நடக்கின்றன என்று அண்டை அயலார் எண்ணிவிடுவார்கள் போலிருக்கிறதே என ஜான் வேடிக்கையாக எழுதும்படி ஆயிற்று.

1778-ல் ஜான் மூத்த மகனுடன் பிரான்ஸுக்குக் கப்பலேறினார். அம்மையார் நிலத்தைப் பாதி வாரத்துக்கு விட்டார். காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. பணத்துக்குப் பதிலாகச் சரக்கு அனுப்பும்படி கணவருக்கு எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வந்த கைக்குட்டை, ரிப்பன், குண்டூசி, துணி முதலியவற்றை உறவினரையும் சிநேகிதரையும் கொண்டு விற்று வீட்டுச் செலவை நடத்தினார். ஜானுக்கு நிலம் வாங்குவதில்தான் ஆசை. அம்மையாரோ சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கிச் சேர்த்தார். பிற்காலத்தில் அவை நல்ல பலன் தந்தன.

இவ்வளவும் செய்தவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை என்ன? ஒன்றுமில்லை! மணமான பெண்ணின் பணங்காசெல்லாம் கணவனுடையதே என்பது அந்நாளைய சட்டம். 1776 மார்ச் 31-ந் தேதி அம்மையார் ஜானுக்கு எழுதிய கடிதம் சரித்திரப் பிரசித்தி பெற்றது. புதிதாகச் சட்டம் இயற்றும்போது ஸ்திரீகளை மறவாதீர்கள், கணவன்மார் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடாதீர்கள் என்று அதில் வேண்டிக்கொண்டார். ஜான் அதைச் சிரித்துத் தட்டிவிட்டார். அரசனின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்த பெரியவர்களுக்கு வீட்டுக்குள் இருந்த எதேச்சாதிகாரம் கண்ணில் படவில்லை!

அம்மையார் சண்டையிடவில்லை. தாம் சம்பாதித்துச் சேர்த்ததில் ஒரு பகுதியைத் தம்முடையது என்று கணக்கில் வைத்துக்கொண்டார். 1816-ல், சட்டம் இடங்கொடாதபோதும், தம் கைப்பட ஓர் உயில் எழுதினார். அதில் பேத்திகள், உறவினப் பெண்கள், வேலைக்காரிகள் என்று பெரும்பாலும் பெண்களுக்கே தம் பொருளைப் பங்கிட்டார். 1818-ல் அவர் காலமானதும், செல்லாத அந்த உயிலைக் கணவர் மதித்து நிறைவேற்றினார். முன்பு சிரித்தவர் கடைசியில் சம்மதித்தார் என்று நாம் சொல்லலாம் அல்லவா?

1784-ல் அம்மையாரே கடல் கடந்து லண்டனில் கணவரைச் சேர்ந்தார். ஜான் 1797-ல் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானார். குன்றின்மேல் நின்று யுத்தம் பார்த்த மகன் 1825-ல் ஆறாவது ஜனாதிபதியானார். தம்பதிகள் எழுதிக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் பாஸ்டனிலுள்ள மாஸசூஸெட்ஸ் சரித்திர சங்கத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பண்ணை வீடும், இப்போது குவின்ஸி எனப்படும் ஊரில் தேசிய ஞாபகச் சின்னமாக நிற்கிறது.

தேசத்துக்காகப் பிரயாணம் செய்தவர்களின் பெயரைச் சரித்திரம் எளிதில் எழுதிவிடுகிறது. அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வீடும், விளைகிற நிலமும், வளர்ந்த குழந்தைகளும் இருந்தன என்றால், அவற்றைக் காத்து நின்றவர் ஒருவர் உண்டு. அவர் காத்த அமைதி சும்மா இருந்த அமைதியன்று. அதுவும் ஒரு தேசத் தொண்டே. அந்தத் தொண்டுக்குரிய பங்கு உயில் எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம்.