நூதனசாலையில் இரண்டு நாள்

யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குப் போவதென்றால் அதற்கொரு காரியம் இருக்கவேண்டும். கலியாணம், வைத்தியம், கந்தோர் அலுவல், விமானம் ஏறும் பிள்ளையை வழியனுப்புதல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இன்றிப் பயணமாவாரை அயலார் ஐயக்கண் கொண்டு நோக்குவர். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் இருவரும் நூதனசாலை பார்ப்பதற்கென்றே புறப்பட்டபோது, "அங்கை என்ன கிடக்கு? உடைஞ்ச கல்லும் பழைய வாளும்தானே!" என்றார் எங்கள் பெரியம்மா. அவர் கூறியதிற் பாதி உண்மை. எங்களைக் கட்டிநிறுத்தியது ஒரு கல்லே.

கறுவாக்காட்டில் வெண்மாளிகையாய் விளங்கும் கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்து, 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பெற்றது. அதனைக் கட்டிமுடித்த வாப்பிச்சி மரைக்கார், தமக்கு வேறு பரிசில் வேண்டாது, வெள்ளிக்கிழமைகளில் அதன் வாயில் அடைத்திருக்கவேண்டும் என்று மட்டுமே கேட்டார் என ஒரு செய்தி வழங்குகின்றது. கேட்கத் தெரிந்த மனிதர்!

எங்களுள் கணவர் பெயர்ப்பலகைகளை ஒன்றுவிடாது வாசிப்பவர். மனைவி பலகையை விட்டுப் பொருளைப் பார்ப்பவர். ஆதலால் முதல் மணித்தியாலத்திலேயே எங்களிடையே ஓர் அறைத் தூரம் ஏற்பட்டுவிட்டது. கண்டி மன்னரின் சிங்காசனத்தருகே மீண்டும் சந்தித்தோம். ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அவ்வாசனம், கண்டி வீழ்ந்த 1815இன் பின் இங்கிலாந்து சென்று, 1934இலேதான் திரும்பி வந்தது. அதே வான் றீயின் மனை புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ளது. 1982இல் அதுவும் ஒரு நூதனசாலையாயிற்று. கொடுத்த பொருளைக் கண்டவர்கள் கொடுத்தவரின் வீட்டையும் காணலாமே.

பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளிடையே 1907, 1908ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகளின் முன் நெடுநேரம் நின்றோம். நடராசர், அம்மை, சுந்தரமூர்த்தி நாயனார்! பூவும் தீபமும் இன்றி நிற்கும் திருமேனியை வணங்குவதா, பார்ப்பதா? மனைவி கைகூப்பினார். கணவர் சுற்றுமுற்றும் நோக்கிவிட்டுத் தாமும் கூப்பினார். எனினும், கோயிலிற் பட்டும் மாலையும் மறைத்துவிடும் தோளின் வளைவையும் விரலின் நெகிழ்வையும் இங்கேதான் கண்ணாரக் கண்டோம்.

"இஞ்சாருங்கோ, இதிலை தமிழெழுத்துப் போலை கிடக்கு!" என்று மனைவி அழைத்தது அதற்குப் பின்னர்தான்.

ஐந்தடிக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள கற்பலகை. உச்சியில் சீனத்துப் பறவைநாகங்கள் இரண்டு. வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே காலியில் நாட்டுவித்த கல் இது. இதிற் பொறித்த ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தபெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் எனப்பட்ட தேவேந்திரமுனைத் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் படைத்த காணிக்கைகளைக் கூறுகின்றன. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எனப் பட்டியல் நீள்கின்றது. ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் குறைத்ததாகத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்திலன்று, தென்கோடியிலுள்ள காலித் துறைமுகத்திலே, தூரதேசத்தார் தம் செய்தியைச் சொல்லத் தெரிந்தெடுத்த மொழி தமிழ்! வணிகர் நாவில் அது அங்கே வழங்கியிராவிடின் கல்தச்சன் கூலி வீணன்றோ?

காணிக்கை பெற்ற தேவேந்திரமுனைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். கல்லோ, 1911இல் தொமலின் என்னும் பொறியியலாளர் கண்டெடுக்கும்வரை, காலியில் ஒரு மதகின் மூடியாய் முகங்குப்புறக் கிடந்தது. எத்தனை வண்டிச் சில்லுகள் அதன் முதுகில் உருண்டனவோ!

எங்கள் கணவர் தமிழாசிரியர். ஆயினும் அவருக்கு ஒரு வரியேனும் ஓடவில்லை. புள்ளியிடாது எழுதுவது அக்காலக் கல்வெட்டு வழக்கு, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும், கல்லும் தேய்ந்துவிட்டது. முப்பது வருடம் இலக்கணம் படிப்பித்தவர் முகம் அன்று மாலை முழுதும் வாடியிருந்தது. இரவே நண்பர் ஒருவரிடம், கல்வெட்டறிஞர் பரணவிதான வெளியிட்ட வாசகத்தின் பிரதியைத் தேடிப் பெற்றோம். மறுநாட் காலை அதனைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டோம். "நாயனார்" என்னும் சொல்லை முதலிற் கண்டுபிடித்தவர் மனைவி. கணவருக்கு அதில் மகிழ்ச்சியே. சிறிது பொறாமையும் உண்டு.

எங்களை நெடுநேரம் கவனித்துநின்ற காவலர் ஒருவர் அருகே வந்து, என்ன எழுதியிருக்கிறதென்று சிங்களத்தில் வினவினார். தெரிந்த சிங்களத்திற் கூறினோம். தெனவரை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தெவிநுவரையா, அது தம் தாயாரின் ஊராயிற்றே என்றார். விஷ்ணு தேவாலயம் இன்றும் அங்கே இருக்கின்றதாம்; எசல மாதத்தில் பெரஹராவும் நடைபெறுமாம். மாத்தறையிலிருந்து எந்த பஸ் ஏறவேண்டும் என்பதையும் கேட்டு, பிரதியின் ஓரத்திற் குறித்துக்கொண்டோம்.