வெப்பப்படம் சொல்வதும் சொல்லாததும்

மார்பகப் பரிசோதனை என்றதும் பெண்கள் பலரின் உள்ளத்தில் கூச்சம், வலி, கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் பற்றிய தயக்கம் எழுகிறது. இம்மூன்றும் இல்லாத பரிசோதனை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டால் மனம் அதன்பால் சாய்வது இயல்பே. தெர்மோகிராபி எனப்படும் வெப்பப்படப் பரிசோதனை இவ்வாறுதான் பலருக்கும் அறிமுகமாகிறது. "மாமோகிராமுக்குப் பதிலாக இதைச் செய்துகொண்டால் போதுமா?" என்று நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கின்றனர். போதாது என்பதே எங்கள் விடை. அதற்கான காரணங்களை இங்கு விளக்குகிறோம்.

வெப்பம் படமாவது எப்படி?

நம் உடல் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. வெப்பப்படக் கருவி அக்கதிர்களை உணர்ந்து, தோலின் வெப்பநிலையை வண்ணங்களாகக் காட்டுகிறது. கருவி உடலைத் தொடுவதில்லை. கதிர்வீச்சு எதையும் உடலுக்குள் செலுத்துவதுமில்லை. இக்கூற்றுகள் முற்றிலும் உண்மை.

இம்முறைக்கு அடிப்படையான கருத்திலும் உண்மை உண்டு. வளரும் புற்றுக்கட்டி தனக்கெனப் புதிய இரத்தக் குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. இரத்த ஓட்டம் மிகுந்த இடத்தில் வெப்பமும் சற்று மிகும். மார்பகப் புற்றுநோய் உள்ள இடத்தின் தோல் கூடுதல் வெப்பத்துடன் இருப்பதை கனடாவின் மாண்ட்ரியல் நகர அறுவை மருத்துவர் ரே லாசன் 1956-இல் எடுத்துரைத்தார். அதன்பின் இம்முறை பெரும் நம்பிக்கையை ஊட்டியது.

அந்த நம்பிக்கை பின்னர் சோதித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் 1973-இல் தொடங்கி, சுமார் 2,80,000 பெண்கள் பங்கேற்ற மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் முதலில் வெப்பப்படமும் இடம்பெற்றிருந்தது. புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அது தவறவிட்டதால் அத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. கருவிகள் இன்று பெரிதும் மேம்பட்டுள்ளன. கணினியின் துணையுடன் படங்களை ஆராயும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஆயினும், வெப்பப்படத்தை மட்டும் நம்பிப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும், அது மாமோகிராமுக்கு மாற்றாகாது என்றும் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீண்டும் மீண்டும் எச்சரித்துள்ளது.

காரணம் எளிது. வெப்பப்படம் காட்டுவது தோலின் வெப்பத்தை. நாம் அறிய விரும்புவதோ உள்ளே இருக்கும் கட்டியைப் பற்றி. ஆழத்தில் உள்ள கட்டியோ, மிகச் சிறிய கட்டியோ, மெதுவாக வளரும் கட்டியோ தோலைச் சூடாக்காமலேயே இருக்கலாம். மறுபுறம், தாய்ப்பால் சுரக்கும் காலத்திலும், கிருமித்தொற்றினாலும், புற்றுநோய் ஏதும் இல்லாமலேயே மார்பகம் சூடாகலாம்.

உண்மையான ஆபத்து எங்கே?

வெப்பப்படம் எடுப்பதால் உடலுக்குக் கேடு எதுவும் இல்லை. ஆபத்து, அந்த அறிக்கையை எவ்வாறு எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மார்பில் கட்டியொன்றை உணர்ந்த பெண், "எல்லாம் இயல்பாக உள்ளது" என்ற வெப்பப்பட அறிக்கையைக் கண்டு நிம்மதியடைந்து, மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாம். அவ்வாறு கழியும் மாதங்கள் விலைமதிப்பற்றவை. மார்பகத்தோடு நின்றிருந்த நோய், அக்காலத்தில் அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் அதற்கு அப்பாலும் பரவக்கூடும்.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் உயிரிழந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் குணமடையும் வாய்ப்பு மிகுந்த இந்நோய்க்கு இத்தனை உயிர்களை இழப்பதற்கு, தாமதமாக வருவது ஒரு முக்கியக் காரணம்.

எந்தப் பரிசோதனை எதற்காக?

மாமோகிராம் என்பது மார்பகத்திற்கென்றே அமைந்த எக்ஸ்-ரே. கைக்குத் தென்படாத சிறு கட்டிகளையும், நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளையும் அது காட்டவல்லது. படம் எடுக்கும்போது மார்பகம் சில நொடிகள் அழுத்தப்படும். அது சிலருக்கு வலியைத் தரலாம். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் வந்தால் வலி குறைவாக இருக்கும். அதில் பயன்படும் கதிர்வீச்சோ, இயற்கையாகவே சில வாரங்களில் நம்மீது படும் அளவினதுதான்.

மாமோகிராமும் குறையற்றதன்று. திசு அடர்த்தி மிகுந்த மார்பகத்தில் சில கட்டிகள் அதற்கும் புலப்படுவதில்லை. ஆகவே இளம்பெண்களுக்கும் அடர்த்தி மிகுந்தவர்களுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் துணைசெய்கிறது. கட்டியில் ஐயம் எழுந்தால் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனையே முடிவு சொல்லும். "ஊசி பட்டால் நோய் பரவிவிடும்" என்ற அச்சம் பலரிடம் உள்ளது. அந்த அச்சத்தால் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் வழி உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைகளாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தனர். ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 30 வயது கடந்த பெண்களுக்கு இத்தகைய பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவும் பெறலாம்.

உடல் நலத்தின் இடம்

மார்பகத்தை முழு உடலின் ஓர் உறுப்பாகக் கருத வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடப்பதும், மாதவிடாய் நின்றபின் உடல் எடை கூடாமல் காப்பதும், மதுவைத் தவிர்ப்பதும், குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுவதும் இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. சிகிச்சைக் காலத்தில் அளவான உடற்பயிற்சி சோர்வைத் தணிக்கிறது.

ஆனால் நல்வாழ்க்கை முறை நோயின் வாய்ப்பைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்கிவிடாது. வயதும் மரபும் நம் கையில் இல்லாதவை. எனவே நோயுற்ற எவரும் "நான் எதைத் தவறாக உண்டேன்?" என்று தம்மையே நொந்துகொள்ள வேண்டாம். அதேபோல, "நான் நலமாகத்தான் இருக்கிறேன்" என்ற எண்ணத்தால் பரிசோதனையைக் கைவிடவும் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

வலியற்ற கட்டி, தோலில் குழிவு, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரைக் காணுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை; ஆயினும் அதை முடிவுசெய்ய வேண்டியது பரிசோதனையே. அரிதாக ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. இவ்வறிகுறிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

அறிகுறி ஏதும் இல்லாதவர்கள், எந்த வயதில், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமோகிராம் தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதைத் தவறாமல் தெரிவியுங்கள். முன்னரே வெப்பப்படம் எடுத்திருந்தால் அந்த அறிக்கையையும் கொண்டுவாருங்கள்; அதற்காக உங்களை யாரும் கடிந்துகொள்ளமாட்டார்கள்.

குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெண்கள் தம் உடல்நலத்தைக் கடைசியாகவே வைக்கின்றனர். பிள்ளையின் தேர்வு முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று அவர்கள் நாள் கடத்தும்போது, "இன்றே போவோம், நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவர் அல்லது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.

வெப்பப்படம் இயல்பாக இருந்தாலும் கட்டி இருக்குமாயின், கட்டியையே நம்புங்கள்; படத்தையன்று.