ஸ்டெப்னி இல்லாத எலக்ட்ரிக் கார்: நடுவழியில் பஞ்சரானால்?

சில மாதங்களுக்கு முன் என் மச்சான் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கீழக்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத எலக்ட்ரிக் கார். மீமிசலைத் தாண்டித் தொண்டிக்குப் போகும் வழியில், சுற்றிலும் சீமைக் கருவேலம் மட்டுமே இருந்த ஓரிடத்தில் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. இரவு பதினொரு மணி. டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியே இல்லை! ஒரு சிறிய கம்ப்ரஸரும் ஒரு பாட்டிலும்தான் இருந்தன.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார். அப்படியல்ல. டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் வசதி, பஞ்சர் கிட் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். பேட்டரிக்கு இடம் தேவைப்படுவதால் பல எலக்ட்ரிக் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வருகின்றன. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்தப் பாட்டிலில் இருப்பது ஓட்டையை அடைக்கும் திரவம். டயரில் ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். அதுவே பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கிட்டில் சொல்லியிருக்கிறபடி திரவத்தை ஏற்றிக் காற்றடியுங்கள். பத்து நிமிடம் அடித்தும் காற்று நிற்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், கம்ப்ரஸர் சூடாகிவிடும். காற்று நின்றால் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி அழுத்தத்தைப் பாருங்கள். அதன் பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இந்தத் திரவம் உதவாது.

ஸ்டெப்னி இருக்கிற எலக்ட்ரிக் காரில் வேறொரு சிக்கல். பேட்டரி காரின் அடிப்பகுதி முழுக்கப் பரந்து கிடக்கிறது. பஞ்சர் கடைத் தம்பி பழக்கத்தில் கைக்கு எட்டிய இடத்தில் ஜாக்கியை வைத்துவிடுவார். காரின் மொத்த எடையும் பேட்டரிப் பெட்டியின் மேல் அழுத்தினால் என்ன ஆகும்? பேட்டரிதான் இந்தக் காரிலேயே விலை அதிகமான பாகம். ஜாக்கி வைக்க வேண்டிய இடங்களைக் கையேட்டில் பார்த்துவைத்து, நீங்களே காட்டுங்கள். கார் ஜாக்கியில் நிற்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, உதவிக்கு வந்தவரின் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது. மச்சானும் கிட்டத்தட்ட அதைச் செய்திருப்பார். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சுற்றும். காரை அணைத்திருந்தாலும் அதில் மின்சாரம் உண்டாகி மின்சாதனங்கள் பழுதாகலாம். சாலையோரம் ஒதுக்குவதற்கு நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டிதான் வேண்டும். கம்பெனியின் உதவி எண்ணுக்கோ, தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கோ அழைக்கும்போது முதல் வார்த்தையிலேயே “எலக்ட்ரிக் கார்” என்று சொல்லிவிடுங்கள். அந்த எண்களைத் தாளில் எழுதிக் காரில் வைத்திருங்கள், போன் சார்ஜ் தீர்ந்தாலும் அடுத்தவர் போனில் பேசலாம்.

இந்தக் காரில் ஒரு வசதியும் உண்டு. சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிற்க இடம் கிடைத்தால், புகையில்லாமல் ஏசி போட்டுக் குழந்தைகளை உட்கார வைக்கலாம். மணிக்கு ஒன்றிரண்டு யூனிட்தான் செலவாகும். காரை அணைத்துவிட்டு எச்சரிக்கை விளக்கை மட்டும் எரியவிட்டால் சின்ன 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடும். ஆன் செய்தே வையுங்கள்.

மச்சானுக்கு ஆணி நடு டயரில் குத்தியிருந்ததால் திரவமே போதுமானதாக இருந்தது. மெதுவாக ஓட்டித் தொண்டி போய்ச் சேர்ந்தார். காலையில் பஞ்சர் கடையில், உள்ளே திரவம் ஊற்றியிருப்பதைச் சொல்ல மறந்துவிட்டார். டயரைக் கழற்றிய தம்பியின் சட்டையெல்லாம் பிசுபிசுப்பு! பாட்டில் ஒரு முறைக்குத்தான், காலாவதித் தேதியும் உண்டு. இப்போது அவர் டிக்கியில் புதிதாக இரண்டு இருக்கின்றன.